செங்கல் பக்கத்துப் புதுக்குடித்தனங்கள்… தெரியுமா?

111.2 அடி உயரத்தில் ஒரு சிவலிங்கம் இருக்கிறது, தெரியுமா? பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் செங்கல் என்றொரு கிராமம். அங்குள்ள மகேஸ்வரம் சிவபார்வதி கோயிலில்தான் அந்த லிங்கம் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது! 2019ல் நாட்டிலேயே உயரமான சிவலிங்கம் என்று இந்தியா புக் ஆஃப் ரெக்கார்ட்ஸில் ஏறியது. அதைவிட விசேஷம், லிங்கத்துக்குள்ளேயே நடந்து ஏறலாம். நிலை நிலையாக மேலே போனால் உச்சியில் கைலாயம். அங்கே சிவனும் பார்வதியும் தம்பதி சமேதராக அமர்ந்திருக்கிறார்கள்.

லிங்கத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், போக வேண்டியதுதான். ஆனால் அந்தக் கோயிலிலிருந்து நாகர்கோவில் வரை நீளும் சாலையின் இரண்டு பக்கத்திலும் எத்தனை ஜோடிகள் சொந்த நாட்டை விட்டு வந்து அடுப்பு மூட்டியிருக்கிறார்கள், தெரியுமா? இங்கிருந்து கிளம்பி வேறு மண்ணில் குடித்தனம் போட்ட ஜோடிகள் எத்தனை? இதெல்லாம் போக, வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலேயே மாநிலம் மாறிப்போன ஜோடிகளும் இங்கே உண்டு!

அதிலிருந்தே ஆரம்பிப்போம். 1956 நவம்பர் 1. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி என்று ஒரே மாநிலம். அன்றைக்குத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பக்கத்திலேயே இருந்த நெய்யாற்றின்கரை தாலுகா புதிதாகப் பிறந்த கேரளத்தில் நின்றுவிட்டது. மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் உண்டு, தெரியுமா? தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தவைதான். 1954 ஆகஸ்ட் 11ல் அந்தக் கோரிக்கைக்கான போராட்டத்தின்போது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. கோடு கடைசியில் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில் விழுந்தது.

யோசித்துப் பாருங்கள். குழித்துறையில் பிறந்து பாறசாலையில் வாழ்க்கைப்பட்ட பெண் அக்டோபர் 31ஆம் தேதி இரவு படுக்கப்போகிறாள். காலையில் எழுந்தால் தாய்வீடு ஒரு மாநிலம், மாமியார் வீடு வேறு மாநிலம்! அவள் ஒரு பெட்டிகூடக் கட்டவில்லை. அடுத்த மூன்றே ஆண்டில் சபையும் பிரிந்தது: 1959ல் தென்னிந்தியத் திருச்சபையின் கன்னியாகுமரி பேராயம் தனியானது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு இரண்டு பேராயத்தார் ஆனார்கள்.

சரி, அதற்கும் முந்தைய காலத்துக்குப் போவோமா? திருவிதாங்கூர் தனி நாடாகவே நடந்த காலம். திருநெல்வேலியிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி மாட்டு வண்டியில் ஆரல்வாய்மொழி வழியாக உள்ளே வந்தால் என்னவெல்லாம் மாறும், தெரியுமா? முதலில் மடியில் முடிந்த பணம். இந்த ஊர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆக ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய் கொடுத்தால் 28½ சக்கரம்! அந்த அரைச் சக்கரத்தைக் கணக்குப் பார்க்கத் தெரியாத மருமகள் சந்தையில் ஏமாந்துதான் வருவாள். அம்மாவுக்குக் கடிதம் போட வேண்டுமானால் அதற்கும் தனித் தபால். அஞ்சல் என்று பெயர், தனி அஞ்சல் தலை. இந்தியத் தபாலோடு அது சேர்ந்தது எப்போது? நாடு விடுதலை அடைந்து நாலு வருஷம் கழித்து, 1951ல்தான்!

இப்போது வெளிநாட்டு ஜோடிகள். ஆயுதத்தோடு வந்தவரையே முதலில் பார்ப்போம். 1741ல் குளச்சலில் டச்சுப் படை மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது, நமக்குத் தெரியும். அங்கே பிடிபட்ட டிலனாய் அடுத்த 36 ஆண்டுகளும் இதே மண்ணிலேயே இருந்து, திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவராகி, 'வலிய கப்பித்தான்' என்று பேரெடுத்தார். தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைதான் அவர் வீடு. பீரங்கி வார்த்ததும் அங்கே, மனைவியோடு குடித்தனம் நடத்தியதும் அங்கே. ஊர்க்காரர்கள் ராஜா கட்டிய கோட்டைக்கு 'தில்லனாய் கோட்டை' என்றே பேர் வைத்துவிட்டார்கள்! மகன் இந்த நாட்டுக்காகவே களக்காட்டில் சண்டைபோட்டு 1765ல் உயிரை விட்டான். 1777ல் டிலனாய் இறந்தார். கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில் அவர், மனைவி, மகன் மூவரும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள். கல்லறைக் கல்லில் லத்தீன் எழுத்து, கூடவே தமிழ் எழுத்து! கைதியாக வந்தவனுக்குத் தமிழில் கல்லறை வெட்டிய ஊர் இது. நாகர்கோவில் போகும் பஸ் புலியூர்க்குறிச்சியில் அந்தக் கோட்டையை ஒட்டித்தான் போகிறது. அடுத்த முறை இறங்கிப் பாருங்கள்.

டிலனாயின் நட்பால் கிறிஸ்தவரான நீலகண்ட பிள்ளைதான் 2022ல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம். அவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவர் மனைவி? பார்கவி என்ற பெயர் ஞானப்பூ என்று மாறியது. கணவரை 1752ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். ஞானப்பூ திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்தில் தங்கி அங்கேயே கண்ணை மூடினார். புது நாட்டில் ஊன்றிய பெண்ணைப் பற்றி நாம் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

அடுத்து சார்லஸ் மீட். லண்டன் மிஷனில் இந்தப் பக்கம் வந்த பாதிரியார். திருவிதாங்கூரின் முதல் அச்சகம் நாகர்கோவிலில் வந்தது இவரால்தான். அந்த மனிதர் மூன்று முறை குடித்தனம் போட்ட கதை தெரியுமா? இங்கிலாந்திலிருந்து கூடவே புறப்பட்ட மனைவி ஆன், வரும் வழியில் பினாங்கிலேயே இறந்துவிட்டார். 1818 ஜனவரியில் கைக்குழந்தையோடு தனி ஆளாகக் குளச்சலில் வந்து இறங்கினார் மீட். பிறகு தஞ்சாவூர்ப் பாதிரியார் ஹார்ஸ்டின் மகள் ஜோஹன்னாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த அம்மாள் பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார். அவரும் போனபின், 1850களின் தொடக்கத்தில், மீட் கைப்பிடித்தது லோயிஸ் என்ற உள்ளூர்ப் பெண்ணை. பறையர் குலத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பம். வெள்ளைக்காரப் பாதிரியார் அப்படிக் கல்யாணம் செய்வதா என்று சக மிஷனரிகளே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்! முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த மிஷனை விட்டு மீட் வெளியேறினார். ஊரைவிட்டு ஓடினாரா? இல்லவே இல்லை. திருவிதாங்கூர் அரசின் பள்ளிக்கூடங்களுக்குக் கண்காணிப்பாளராகி, 1873ல் திருவனந்தபுரத்திலேயே உயிரை விட்டார். இந்த நாடு எனக்கு நாடு என்று ஒருவர் சொல்வதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த ஜோடி. சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட். 1819 கடைசியில் நாகர்கோவில் வந்தார்கள், முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். மார்த்தா கையில் இருந்த வித்தை என்ன, தெரியுமா? லேஸ் பின்னல்! வந்த கொஞ்ச நாளிலேயே, 1820களின் தொடக்கத்திலேயே, பெண்களுக்கான விடுதிப் பள்ளியில் அதைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்தப் பின்னலைக் கிட்டே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். மடியில் ஒரு கெட்டியான திண்டு. அதன்மேல் ஊசியால் குத்திக் குத்திக் கோலம் போட்ட தாள். தாளில் உள்ள ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டூசி ஏறும். நூல் சுற்றிய சின்ன மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் திண்டின் விளிம்பில் தொங்கும். பூ பெரிதாக ஆக குச்சிகளும் டஜன் கணக்கில் ஏறும். வலது கைக் குச்சி இடது பக்கம், இடது கைக் குச்சி வலது பக்கம், ஒரு முறுக்கு, ஒரு குறுக்கு, ஒரு ஊசி. மறுபடி முறுக்கு, குறுக்கு, ஊசி. குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும், பின்னுகிறவளின் கண் மட்டும் ஊசியை விட்டு அசையாது. ஒரு மணிநேரம் கழித்துப் பார்த்தால் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு இறங்கியிருக்கும். அவ்வளவுதான்!

அந்த விரல் அகலத் துண்டு என்ன செய்தது, தெரியுமா? அன்றைய திருவிதாங்கூரில் மனிதரை மனிதர் விற்று வாங்கினார்கள். அடிமை முறையை ஒழித்த அரச ஆணை வந்ததே 1855ல்தான். அதற்கு முன்பே, மால்ட் அம்மாளின் வராந்தாவில் லேஸ் பின்னிய அடிமைக் குலத்துப் பெண்கள், பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள்! ராஜா கையெழுத்துப் போடும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. புது ஊருக்கு வந்த ஒரு பெண், தான் பிறந்த ஊர்க் கைவேலையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கற்றுத் தருகிறாள்; அது அவளுடைய சங்கிலியை அறுக்கிறது. குளச்சல் போரைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, இதையும் படிக்க வேண்டாமா?

கதை அங்கே முடியவில்லை. மால்ட் தம்பதியின் மகள் எலிசா நாகர்கோவிலில் பிறந்தவள், தமிழ் கேட்டே வளர்ந்தவள். 1844ல் அவளைக் கல்யாணம் செய்துகொண்டது யார், தெரியுமா? திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்! நெல்லைச் சீமையின் தேரிக்காட்டு ஊரான இடையன்குடிக்கு, சென்னையிலிருந்து பெரும்பாலும் நடந்தே வந்து சேர்ந்தவர் அவர். அந்தச் செம்மண் காட்டில் மாப்பிள்ளைக்குத்தான் எல்லாம் புதுசு, பெண்ணுக்கு இது பிறந்த சீமைக்குப் பக்கத்துச் சீமை! எலிசா அங்கேயும் பெண்களுக்குப் பள்ளி திறந்தார், அம்மாவிடம் கற்ற லேஸையும் கொண்டுபோனார். கால்டுவெல் கட்டத் தொடங்கிய தேவாலயம் எழும்பி முடிய 33 ஆண்டு ஆயிற்று, 1880ல் திறந்தார்கள். 1891ல் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். எட்டு வருஷம் கழித்து எலிசாவும் அங்கேயே. 1856ல் வந்த ஒப்பிலக்கணத்தைக் கொண்டாடும்போது, அந்த வீட்டில் தாய்ப்பாலோடு தமிழ் குடித்தவர் மனைவிதான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பாறசாலைக்கே வருவோம். ஜான் ஏப்ஸ் என்ற பாதிரியாரும் மனைவியும் முதலில் நெய்யூரில் இருந்து, 1840களின் நடுவில் பாறசாலைக்குக் குடிவந்தார்கள். மொத்தம் 22 ஆண்டுத் திருவிதாங்கூர் வாழ்க்கை. ஊர் திரும்பியபின் அந்த 22 ஆண்டை ஒரு புத்தகமாகவே எழுதினார், 1870ல் வெளிவந்தது. அவருக்குப் பிறகு வந்தவர் சாமுவேல் மெட்டீர். 1859ல் வந்து பாறசாலையில்தான் முதல் குடித்தனம், பிறகு திருவனந்தபுரம். இன்றைக்குத் திருவிதாங்கூரின் பழைய நடைமுறை என்ன, யார் என்ன உண்டார்கள், யார் எந்த வழியில் நடக்கக் கூடாது என்று ஆராய்ச்சிக்காரர்கள் தேடும்போது மெட்டீரின் இரண்டு தடிப் புத்தகங்களைத்தான் முதலில் எடுக்கிறார்கள். 1871ல் ஒன்று, 1883ல் ஒன்று. தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் பேசப்படும் பாறசாலையில் ஒரு ஜோடி ஊர்ப்பேச்சைப் பழக வேண்டுமானால் ஒன்று போதாது, இரண்டு மொழி வேண்டும்! மெட்டீர் வந்த அதே 1859, ஜூலை 26ல்தான் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரச அறிவிப்பும் வந்தது. தெருவெல்லாம் கொந்தளித்துக்கொண்டிருந்த ஒரு வருஷத்தில் பாறசாலையில் பெட்டி பிரித்தவர் மெட்டீர்.

பாறசாலை, செங்கல் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் மரச்சீனிக்கிழங்கு அவித்து மீன்குழம்போடு தருவார்கள். அந்தக் கிழங்கே குடிவந்ததுதான், தெரியுமா? தென் அமெரிக்கக் கிழங்கு, போர்த்துக்கீசியரோடு கடல் தாண்டி வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள்தான் அதைப் பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தினார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது இந்த நாட்டின் வயிற்றைக் காப்பாற்றியது அந்தக் கிழங்குதான்!

எவரெஸ்ட்டிலிருந்து நேராக நெய்யூருக்கு வந்த டாக்டரைத் தெரியுமா? ஹோவர்ட் சாமர்வெல். 1922 எவரெஸ்ட் முயற்சி முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த கூட்டத்தையும், அதற்கு நடுவே தனியாகத் திண்டாடிய ஒரே ஒரு அறுவை மருத்துவரையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வேலையை உதறினார். 1924ல் மறுபடி எவரெஸ்ட், ஆக்சிஜன் இல்லாமல் 28,000 அடி அளவு உயரம், இறங்கும்போது தொண்டையின் உள்சவ்வு உரிந்து மூச்சையே அடைத்துக்கொண்டது! பிழைத்தார். முந்தைய 1922 முயற்சிக்காக அந்தக் குழுவுக்கு 1924ல் ஒலிம்பிக் பதக்கமும் கிடைத்தது. 1925ல் மார்கரெட்டைக் கல்யாணம் செய்துகொண்டு நெய்யூருக்கே திரும்பினார். கணவனுக்குக் காலையிலிருந்து இரவு வரை அறுவைக் கூடம். அந்த அம்மாள் அந்த ஊர் வெயிலில், அந்த ஊர் மழையில் வீடு நடத்திப் பிள்ளை வளர்த்தார். புற்றுநோய்க்கு ரேடியம் சிகிச்சையை நெய்யூருக்குக் கொண்டுவந்தவர் சாமர்வெல். நெய்யூருக்குப் பிறகும் ஊர் திரும்பவில்லை, வேலூர் சி.எம்.சி.யில் 1961 வரை பாடம் நடத்தினார். எவரெஸ்ட் உச்சி கைக்கெட்டும் தூரத்தில் நழுவியது என்று உலகம் இன்னும் பேசுகிறது. நெய்யூர்க்காரர்களுக்கு அவர் வயிற்றுவலி தீர்த்த டாக்டர்.

வந்தவர்களையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனவர்கள்? நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர் தமிழ்நாட்டில் ஊன்றி என்ன செய்தார், தெரியுமா? ஜி. ராமச்சந்திரன், 1904ல் பிறந்தவர். தாகூரின் சாந்திநிகேதனில் படித்தவர். 1924ல் டெல்லியில் காந்தி 21 நாள் உண்ணாவிரதத்தை முடித்தபின் பக்கத்தில் உட்கார்ந்து, கலையைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் விடாமல் கேள்வி கேட்ட இருபது வயதுப் பையன் அவர்தான்!

அதே 1904ல் நெல்லைச் சீமையில் பிறந்தவர் சௌந்தரம். டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். சிறு வயதிலேயே கல்யாணம். கணவர் டாக்டர், அற்பாயுசில் போய்விட்டார். அந்தக் காலத்து ஐயங்கார் வீட்டில் இளம் விதவைக்கு என்ன வழி? சௌந்தரம் டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரிக்குப் போய் டாக்டருக்குப் படித்தார். 1936ல் பட்டம் வாங்கும்போது வயது 32. அரிஜன சேவையில் ராமச்சந்திரனைச் சந்தித்தார். ஒருவர் மலையாளி, ஒருவர் தமிழர், சாதி வேறு, பெண் விதவை. வீட்டில் பூகம்பம்! காந்தியிடம் போனார்கள். ஒரு வருஷம் பார்க்கவும் கூடாது, கடிதம் போடவும் கூடாது, அதன் பிறகும் இதே மனம் இருந்தால் வாருங்கள் என்றார் அவர். இருவரும் அந்த ஒரு வருஷத்தைத் தாண்டினார்கள். 1940ல் காந்தி முன்னிலையில் கல்யாணம்.

மாப்பிள்ளையின் நாடு திருவிதாங்கூர் மகாராஜாவுடையது, பெண்ணின் நாடு பிரிட்டிஷ் சென்னை மாகாணம். காசும் தபாலும் வேறு வேறு என்று மேலே பார்த்தோமே, அந்த இரண்டு நாடுகள்தான்! அவர்கள் வேர்விட்ட இடம் திண்டுக்கல்லுக்குப் பக்கத்துச் சின்னாளப்பட்டி. கோடீஸ்வரர் வீட்டுப் பெண் அங்கே தொடங்கியது என்ன, தெரியுமா? இரண்டு அறை மருத்துவமனை! கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்க. 1947 அக்டோபரில் காந்திகிராமம் பிறந்தது. அந்த இரண்டு அறைதான் வளர்ந்து கஸ்தூரிபா மருத்துவமனை ஆனது; 1956ல் கிராமியக் கல்வி நிலையம், 1976ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். சௌந்தரம் 1952ல் ஆத்தூரிலும் 1957ல் வேடசந்தூரிலும் வென்று சட்டமன்றம் போனார். 1962ல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றம் போய் மத்திய கல்வித் துணை அமைச்சரானார். அதே ஆண்டு பத்ம பூஷண்.

இதில் எனக்கு வியப்பு பதவிகளில் இல்லை. தண்ணீருக்கே வானத்தைப் பார்க்கும் திண்டுக்கல் சீமையில், நெய்யாறு ஓடும் ஊர்க்காரரும் டி.வி.எஸ். வீட்டுப் பெண்ணும் இரண்டு அறையில் தொடங்கத் துணிந்தார்களே, அதில்தான். 1984ல் சௌந்தரம் மறைந்தார். 1995ல் ராமச்சந்திரன் மறைந்தார். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஊருட்டுகாலாவில் தாயின் பெயரால் அவர் அமைத்த மாதவி மந்திரம் இன்றும் இருக்கிறது; செங்கலுக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய்வரலாம்.

திருவனந்தபுரத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளையை விட்டுவிட முடியுமா? நாஞ்சில்நாட்டு வேர், 1908ல் பையனாக ஐரோப்பா போனவர், பெர்லினில் இருந்துகொண்டே விடுதலைக்கு உழைத்தவர். அங்கே மணிப்பூர்ப் பெண் லட்சுமிபாயைக் கைப்பிடித்தார். சில ஆண்டுகள்கூட முழுதாக வாழவில்லை, 1934ல் அவர் போய்விட்டார். அஸ்தியைத் தாய்மண்ணில் கரைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. லட்சுமிபாய் அந்தக் கலசத்தை எத்தனை வருஷம் வைத்திருந்தார், தெரியுமா? 32 வருஷம்! 1966ல் ஐ.என்.எஸ். டெல்லி போர்க்கப்பலில் கொச்சிக்குக் கொண்டுவந்து, அவர் ஆசையை நிறைவேற்றினார்.

இன்றைக்கு? பாறசாலை, தனுவச்சபுரம், செங்கல், அமரவிளை என்று எந்த ஊரில் கேட்டாலும் ஒரு பிள்ளை வளைகுடாவில், ஒரு மருமகள் ஐரோப்பாவில் நர்ஸ். ஜோடியாகப் போய் இருப்பதற்கு ஒவ்வொரு நாடும் ஒரு விலை வைத்திருக்கிறது, தெரியுமா? துபாயில் மனைவியை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 4,000 திர்ஹம் வேண்டும். கம்பெனி வீடு கொடுத்தால் 3,000 போதும். சவுதியில் குடும்பத்தார் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம்: 2017 ஜூலையில் 100 ரியாலில் தொடங்கி, வருஷத்துக்கு நூறு ஏறி, 2020ல் 400 ஆயிற்று. அந்த ஒரு கட்டணத்தால் மனைவி மக்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிய வீடுகள் உண்டு. பிரிட்டனில் 2024 மார்ச் 11க்குப் பிறகு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகப் போனவர்கள் துணையை அழைத்துப்போக முடியவில்லை. நர்ஸ் வேலைக்கு அந்தத் தடை இல்லை. ஏஜென்ட் சொல்வதை மட்டும் கேட்டு விசா வகையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பம் சேர்ந்திருப்பதும் பிரிந்திருப்பதும் கிடக்கிறது.

இவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். குழித்துறையிலிருந்து செங்கலுக்கு வாழ்க்கைப்படும் பெண்ணுக்கு என்ன மாறுகிறது, தெரியுமா? பஸ்ஸில் போகும் தூரம்தான். ஆனால் 2021லிருந்து தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் இல்லை; களியக்காவிளை தாண்டி இஞ்சிவிளையில் கேரள பஸ் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும்! தாய்வீட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம், இங்கே அது கிடையாது. 2023 செப்டம்பரிலிருந்து அம்மாவுக்கு வரும் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை, ரேஷன் கார்டு கேரளத்துக்கு மாறிய மகளுக்கு வராது. பொங்கல் பரிசும் போச்சு. "பேரு வெட்டின பேப்பரு கொண்டு வந்தியா மக்களே?" என்று மாமியார் கேட்பது இதற்குத்தான்: தாய்வீட்டுக் கார்டில் பெயர் நீக்கிய சான்று இல்லாமல் புகுந்த வீட்டுக் கார்டில் பெயர் ஏறாது.

எல்லாவற்றிலும் பெரியது சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதி என்பது மாநிலவாரிப் பட்டியல். ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகையைத் தானாகக் கேட்க முடியாது என்று 1990லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாத்தா காலத்தில் ஒரே அரசுக்கு வரி கட்டிய இரண்டு குடும்பங்கள்தான்; ஆனாலும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வந்த மருமகள் கேரள அரசு வேலைக்கு மனுப் போடும்போது பொதுப் பிரிவில் போய் நிற்கிறாள். கல்யாணம் பேசும்போது பவுன் கணக்கைப் பத்து முறை கேட்கிற பெரியவர்கள் இதை ஒரு முறைகூடக் கேட்பதில்லை. கேளுங்கள். பெண்ணின் பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, தமிழ்நாட்டுச் சாதிச் சான்று மூன்றையும் கல்யாணத்துக்கு முன்பே விளவங்கோட்டிலோ கல்குளத்திலோ வாங்கிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். மத்திய அரசு வேலைக்கு மனுப் போடும் நாளில் அவளுக்கு அது வேண்டியிருக்கும்.